சீதேவிப்பிள்ளை தேய்த்த எண்ணெய்

கண்ணகையம்மன் சடங்கில் ஊர் வடசேரி, தென்சேரி என்று பிரிந்து, ஒன்றோடொன்று கொளுவிய இரண்டு மரக்கொம்புகளில் கயிறு கட்டி, ஒன்று முறியும்வரை இழுக்கும். கந்தப்போடி இளந்தாரி வயதிலிருந்தே வடசேரிக்கு முன்கயிறு. இப்போது தோள் பொங்கிப் போயிருந்தது. "மூட்டில நீர் கோத்திருக்கு. இனி இழுத்தா கை விளங்காது" என்றார் ஆஸ்பத்திரி அப்போதிக்கரி.

அதற்குப் பிறகு தண்ணீர்க் குடத்தைக்கூடத் தூக்க விடாத மனைவி சீதேவிப்பிள்ளை, கொம்பு முறிக்கும் நாளில் தானே எண்ணெய் காய்ச்சித் தோளில் தேய்த்தாள்.

"போங்க. நீங்க முன்னுக்கு நிண்டு இழுக்காட்டி வடசேரிக்கு என்ன மரியாதை?"

போடியாருக்குக் கண் கலங்கிவிட்டது. நெஞ்சை நிமிர்த்திப் போய்க் கயிற்றைப் பிடித்தார். முதல் இழுவையிலேயே தோள் சுளீரென்றது, கயிறு நழுவியது.

எதிர்ப்பக்கத்தில் பெண்கள் குரவையிட்டார்கள். எல்லாருக்கும் முன்னால் சீதேவிப்பிள்ளை. அவள் பிறந்த வீடு தென்சேரி என்பது அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது.