ஆட்டோவில் வெளியான மென்பொருள்

துர்கா தன் மென்பொருளை வெள்ளிக்கிழமை காலையில் வெளியிட்டாள். பெயர் ‘கட்டம்’. எந்தப் படத்தைக் கொடுத்தாலும் அதைச் சின்னச் சின்னக் கட்டங்களாக்கி, எந்த இழை மேலே எழ வேண்டும், எது கீழே இருக்க வேண்டும் என்று தறிக்குச் சொல்லிவிடும். சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்த்தபடி, கிடைத்த நேரத்தில் எல்லாம் எழுதியது. முழுக்க இலவசம். உள்ளே இருக்கும் நிரலையும் இணையத்தில் திறந்து வைத்திருந்தாள். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம்.

நிரல் எழுதுகிறவர்கள் கூடும் தளத்தில் அறிவிப்பைப் போட்டுவிட்டு, பிடித்தவர்கள் இடும் நட்சத்திரங்களுக்காகத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மதியம்வரை ஒரே ஒரு நட்சத்திரம். அதுவும் அவளே போட்டது.

அண்ணன் கோபிநாத் சாப்பிட வந்தான். ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு ஜவுளிக்கடைத் தள்ளுபடியையும் கோயில் கூழ்வார்ப்பையும் ஊருக்குச் சொல்வது அவன் தொழில்.

“இன்னா, மூஞ்சி இப்பிடி கீது?”

“வெளியிட்டேண்ணா. ஒருத்தரும் பாக்கல.”

“யார்கிட்ட சொன்ன?”

“இன்டர்நெட்ல போட்டேன்.”

“தறி இங்க கீது. நீ எங்கியோ சொல்லிகினு கீற! அதுல இன்னா எழுதியிருந்த, அத்த குடு.”

அவள் தடுப்பதற்குள் கிளம்பிவிட்டான். சற்று நேரத்தில் தெரு அதிர்ந்தது.

“ஆரணி வாழ் நெசவாளப் பெருமக்களே! நமது துர்கா அவர்களின் சொந்தத் தயாரிப்பான கட்டம், பதிப்பு பூஜ்யம் புள்ளி ஒன்று, இன்று முதல் உங்களுக்காக! முற்றிலும் இலவசம்! உள்ளே இருக்கும் நிரலும் இலவசம்! பிழை இருந்தால் தெரிவிக்கவும்! திருத்தியும் தரலாம்! அனைவரும் வாரீர்!”

பின்னணியில் நாதஸ்வரம் வேறு.

வெட்கத்தில் கதவுக்குப் பின்னால் ஒளிந்தவளுக்குச் சிரிப்பு பீறிட்டது. மாடிக்கு ஓடி, தெருமுனையில் திரும்பி வந்த ஆட்டோவைக் கைப்பேசியில் படம் பிடித்தாள். அண்ணன் பேசியதை ஆங்கிலத்தில் கீழே எழுதி, ‘எங்கள் ஊர் வெளியீட்டு விழா’ என்று அதே தளத்தில் போட்டாள்.

இறங்கி வந்தால் வாசல் நிறைய ஆட்கள். எதிர்வீட்டு தெய்வநாயகி பையோடு முன்னால் நின்றாள்.

“இலவசம்னாங்களே, இன்னா துர்கா தர்ற?”

“மென்பொருள்க்கா.”

“மெல்லிசா இருந்தாலும் பரவால்ல, குடு.”

அடுத்து வந்தவர் பக்கத்துத் தெருவில் கம்ப்யூட்டர் தறி ஓட்டும் சந்திரமோகன். படவேடு போகும் வழியில் எடுத்த மயில் படத்தைப் போனில் நீட்டினார். “இத்த போடும்மா, பாக்கலாம்.”

கூட்டம் மடிக்கணினியைச் சூழ்ந்தது. துர்கா பொத்தானை அழுத்தினாள். திரையில் மயில் வந்தது, கால்கள் வானத்தைப் பார்க்க.

“மயிலு சிரசாசனம் பண்ணுதே!” என்றார் சந்திரமோகன். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

“போனைத் தலைகீழாப் புடிச்சீங்களா?”

“ஒரு கையில வண்டிய புடிச்சிகினு எடுத்தேன். எப்பிடி புடிச்சேனோ!”

துர்கா அசரவில்லை. பிழையை அப்போதே எழுதி, படத்தையும் சேர்த்துத் தளத்தில் ஏற்றினாள். அப்போதுதான் கவனித்தாள்: நட்சத்திரங்கள் நூறைத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தன. ஆட்டோவை உலகமே பார்த்துக்கொண்டிருந்தது.

தெய்வநாயகி எல்லாருக்கும் டீ கொண்டுவருவதற்குள் பதில் வந்துவிட்டது. பின்லாந்திலிருந்து ஐனோ என்ற பெண். ‘படத்தை எந்தப் பக்கம் திருப்பிக் காட்ட வேண்டும் என்று போன் ஒரு குறிப்பு வைக்கிறது. உங்கள் நிரல் அதைப் படிக்கவில்லை. திருத்தி அனுப்பியிருக்கிறேன். நான் காலுறை பின்னுகிறவள். ஆட்டோவுக்கு என் அன்பு.’

துர்கா திருத்தத்தை வரிவரியாகப் படித்தாள், ஓட்டிப் பார்த்தாள், ஏற்றுக்கொண்டாள். மயில் நிமிர்ந்து நின்றது. யாரோ விசிலடித்தார்கள்.

“உனக்குத் தெரிஞ்சவங்களாம்மா?” என்றார் சந்திரமோகன்.

“இல்லிங்க.”

“அப்புறம் எதுக்கு செஞ்சாங்க?”

“புடிச்சிருந்ததாம்!” சொல்லும்போதே அவளுக்குக் குரல் துள்ளியது.

கோபிநாத் அதற்குள் வண்டிக்கு ஓடியிருந்தான். “பதிப்பு பூஜ்யம் புள்ளி இரண்டு! மயில் நிமிர்ந்துவிட்டது!”

மறுவாரம் சந்திரமோகன் மயிலைப் பட்டில் ஓட்டிப் பார்த்தார். அந்தத் துணியைத் துர்கா படமெடுத்து ஐனோவுக்கு அனுப்பினாள். பதிலுக்கு ஒரு ஜோடிக் காலுறையின் படம் வந்தது. ‘கட்ட’த்தில் வரைந்து பின்னியது. துர்கா செருப்பைக்கூட மாட்டாமல் தறிக்கூடத்துக்கு ஓடினாள்.

சந்திரமோகன் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். “இன்னா மாடும்மா இது?”

“மாடு இல்லிங்க, பனிமான்!”

“கொம்பு மரக்கிளையாட்டம் கீது. பொடவ கரையில போட்டா அள்ளும். எடுத்துக்கலாமான்னு அந்தம்மாவ ஜல்தியா கேளு.”

துர்கா அங்கேயே நின்று ஐனோவுக்கு எழுதத் தொடங்கினாள். தறிச் சத்தத்தில் தன் சிரிப்பு அவளுக்கே கேட்கவில்லை.