மாகரையன் மடி

வேலை வேண்டும் என்றுதான் கௌதமனிடம் போனேன் என்று சொன்னால் அது பாதிப் பொய். ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் லாரியில் சம்பாதித்த காசில் அப்பன் கட்டிக்கொடுத்த கட்டடத்தில், திருச்செங்கோட்டில் அவன் கேம் கம்பெனி நடத்துகிறான். தமிழில் கதை எழுத ஆள் வேண்டும் என்று விளம்பரம் வந்தது. அவன் என் அண்ணியின் கூடப்பிறந்த அண்ணன் என்பது எனக்குத் தெரியும். நான் யார் என்பது அவனுக்குத் தெரியாது. தங்கச்சி வாழப்போன வீட்டின் வாசலை அவன் ஒருநாளும் மிதித்ததில்லை.

அண்ணி பிரீத்தி, காடு தோட்டம் உள்ள வீட்டுப் பெண். இராசிபுரத்தில் தறி ஓட்டும் என் அண்ணன் சரவணமுத்துவைக் கட்டிக்கொண்டு வந்த அன்றே, அவள் செத்துவிட்டாள் என்று அங்கே தலைமுழுகிவிட்டார்கள். அதற்கெல்லாம் அவள் அசரவில்லை. ஒன்றில் மட்டும் பிடிவாதம். மகள் தமிழினிக்கு ஐந்து வயது முடிந்தும் காது குத்தவில்லை. "என்ற அண்ணன் மடியிலதான் குத்தோணும். வருவான் பாரு பிரியா" என்பாள். வருகிறவர் போகிறவர் எல்லாம் பிள்ளையின் மூளிக்காதைப் பார்த்துவிட்டு அண்ணியை ஒரு பார்வை பார்ப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது கம்பெனியில் பெரிய தலைவலி. 'ஏழுகரை நாடு' அவர்களுடைய பழைய கேம், ஒருவர் தனியாக ஆடுவது. அந்த நாட்டின் கதை அதில் எழுதி முடிந்துவிட்டது. தலைவன் மாகரையன், அவன் முன்னோர் ஏழு தலைமுறை, அவன் கொன்ற வறளிப் பூதம், யார் யாருக்குப் பிறந்தவர் என்பது வரை ஆடுகிறவர்களுக்கு மனப்பாடம். இப்போது அதையே ஆயிரக்கணக்கானவர்கள் சேர்ந்து ஆடும் ஆன்லைன் கேமாக மாற்ற வேண்டும். உள்ளே வருகிற ஒவ்வொருத்தனும் வீரன். இத்தனை வீரர்கள் இத்தனை நாள் எங்கே இருந்தார்கள்? கதையில் ஏன் ஒருத்தன் பேர்கூட இல்லை?

படம் வரைகிற கௌசிக், "எல்லாரும் மாகரையனோட அவதாரம்னு வெச்சுக்கலாமுங்க" என்றான்.

"ஒரே ஆளு பத்தாயிரம் பேரா வந்து சந்தையில ஒருத்தனையொருத்தன் இடிச்சுக்கிட்டு நிப்பானா?" என்றேன்.

அடுத்த வாரம் நான் எழுதிக்கொண்டு போனேன். அந்த ஏழு தலைமுறையிலும் அக்கரைக்காரனைக் கட்டிக்கொண்டு ஆற்றைத் தாண்டிப் போன பெண்கள் உண்டு. மானம் போயிற்று என்று வம்சப் பாட்டிலிருந்து அவர்கள் பேரை எடுத்துவிட்டார்கள். அவர்கள் வழியில் எத்தனை பேர் பிறந்தார்கள் என்று எவனும் எண்ணவில்லை. அந்தப் பிள்ளைகள்தான் இந்த வீரர்கள். எத்தனை பேர் வந்தாலும் இடம் உண்டு, பழைய கதையிலும் ஓர் எழுத்தை மாற்ற வேண்டாம். எல்லாருக்கும் மாகரையன் மாமன் முறை. வீரன் முதலில் கோட்டை வாசலுக்கு வர வேண்டும். மாகரையன் அவனை மடியில் உட்காரவைத்துக் காது குத்த வேண்டும். அதற்குப் பிறகுதான் பேரும் வாளும்.

படிக்கப் படிக்க கௌதமனின் முகம் கறுத்தது. மற்றவர்களை வெளியே போகச் சொன்னான்.

"இதை எங்கிருந்து புடிச்சே அம்மிணி?"

"உங்க ஊட்டுல இருந்துதானுங்க. நான் பிரீத்திக்கு நாத்தனார்."

நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான். "உளவு பாக்க வந்தியா? அவ அனுப்புனாளா?"

"நானாத்தான் வந்தேனுங்க. எங்க வேலை பாக்கறேன்னுகூட அவங்களுக்குத் தெரியாது. புள்ளைக்குக் காது குத்தோணும். சீரு செனத்தி ஒண்ணும் வேண்டாம். வந்து கொஞ்ச நேரம் உக்காந்துட்டுப் போங்க."

"அப்படி ஒருத்தி எங்களுக்குப் பொறக்கவே இல்ல. தறிக்காரன் ஊட்டுப் புள்ளைய மடியில வெச்சுட்டு எங்க சனத்துக்குள்ள நான் தலை நிமிந்து நடக்கறதா?"

"பத்தாயிரம் பேரு மாமன் மடியில உக்காரலாம். உங்க தங்கச்சி மக மட்டும் உக்காரக் கூடாதுங்களா?"

"கதையில எவன் வேணாலும் உக்காரட்டும். கதை நல்லாருக்குது, அது இருக்கட்டும். நீ கெளம்பு."

கதையை வைத்துக்கொண்டு என்னை வெளியே தள்ளினான். படியிறங்கும்போது எனக்கு அழுகை வரவில்லை. கீழே நின்ற அவன் கார்க் கண்ணாடியை உடைத்துவிட்டுப் போகலாமா என்றுதான் இருந்தது.

கேம் வெளிவந்தது. ஆடினவர்கள் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு ஆடினார்கள். கோட்டை வாசலில் அழுதுவிட்டேன் என்று ஊர் பேர் தெரியாதவர்கள் எல்லாம் எழுதினார்கள். வயிற்றெரிச்சலோடு நானும் என் போனில் இறக்கினேன். வாசலுக்குப் போனதும் மாகரையன் கையை நீட்டினான்.

"வா சாமி. மாமன் மடி இருக்கறப்ப நீ ஏன் வாசல்ல நிக்கறே?"

கௌதமனின் குரல். பேச வேறு ஆளை வைக்க மனமில்லாமல் அவனே பேசியிருந்தான். என்ன குழைவு, என்ன கனிவு! பாவி. போனைச் சுவரில் அடிக்கத் தோன்றியது. அதற்குள் அடுப்படியிலிருந்து அண்ணி ஓடிவந்துவிட்டாள். பல வருடம் கேட்காத குரலை ஒரே சொல்லில் பிடித்துவிட்டாள்.

"அண்ணனா? போன் பண்ணுனானா?" ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு கையை நீட்டினாள். அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

எல்லாவற்றையும் சொன்னேன். நான் வேலைக்குப் போனதை, கெஞ்சியதை, அவன் சொன்னதை, ஒன்று விடாமல் சொன்னேன். அவள் திரையைத் தொட்டு அந்தக் குரலை மறுபடி கேட்டாள். அப்புறம் இன்னொரு தடவை கேட்டாள்.

"யாரு வந்தாலும் இப்படித்தான் கூப்புடுவானா?"

"யாரு வந்தாலும்."

கேமை அவளே போனிலிருந்து அழித்தாள். "உங்கண்ணனை நாள் பாக்கச் சொல்லு" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

கோயிலில் ஆசாரி ஊசியையும் கம்மலையும் எடுத்துவைத்துக்கொண்டு, "தாய்மாமன் வந்து உக்காருங்க" என்று கூட்டத்தைப் பார்த்துக் கூப்பிட்டார். எங்கள் சனம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது. அண்ணி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய் மணையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"நான்தானுங்க தாய்மாமன். குத்துங்க."