முதல் கூண்டின் பின்னல்

மதகை மூடும் நேரம் நெருங்கிவிட்டது. முழங்காலளவு தண்ணீரில் நின்று, கம்பிவலைக் கூண்டைச் சேற்றில் அழுத்திக்கொண்டிருந்தாள் மகள். கூண்டுக்குள் அப்பா தொட்டியில் வளர்த்த நீர்ச்செடி. மதகு மூடினால் அணையில் தண்ணீர் ஏறிவிடும். இந்த மேட்டில் அடுத்த வருஷம்தான் கால் வைக்கலாம். அதுவரை தொட்டிச் செடி தாங்காது.

அப்பா வீட்டு முன்னறையில் கிடத்தப்பட்டிருந்தார். விடியற்காலையில் மூச்சு நின்றது. சாயங்காலம் எடுக்கிறார்கள். பிணத்தைப் போட்டுவிட்டுப் பாசி நடப் போகிறாளா என்று சித்தப்பா முணுமுணுத்ததைக் காதில் வாங்காமல் வந்திருந்தாள்.

ஒரு காலத்தில் மொட்டையாகக் கிடந்த அணை. குஞ்சு மீன் ஒளிய ஓர் இலை கிடையாது. விட்ட குஞ்செல்லாம் பெரிய மீனுக்குப் பலகாரம். அப்பா செடி நட்ட பிறகுதான் வலைகள் கனத்தன.

மேலே மதகுக்காரர் சக்கரத்தில் கை வைத்து நின்றார். நேரம் தாண்டிவிட்டது.

"சக்கரம் இன்னிக்கு மக்கர் பண்ணுதும்மா. மெதுவாவே நடு."

கடைசிக் கூண்டுக்குக் கயிறு போதவில்லை. மெல்லிய இழைகள்தான் மிச்சம். திரும்பினால், அம்மா தண்ணீரில் இறங்கி வந்துகொண்டிருந்தாள். செடிகளை 'உங்கப்பாவோட சின்ன வீடு' என்று நேற்றுவரை கிண்டலடித்தவள். டீ கொடுக்கிற சாக்கில் தினமும் கரைக்கு வந்தவளும் அவள்தான்.

அம்மா இழைகளை வாங்கி, ஜடை போலப் பின்ன ஆரம்பித்தாள். மகளின் கண் பக்கத்திலிருந்த பழைய கூண்டுக்குப் போனது. அதிலும் அதே பின்னல்.

அம்மா அதைக் கவனித்துவிட்டாள்.

"மொத வருஷம் ஆழத்துல நட்டுட்டாருடி. அத்தனையும் அழுகிப்போச்சு. பார்த்தா மனுஷன் விட்டுடுவாரேன்னு, ஒரு கூண்டை மேட்டுக்கு இழுத்துட்டு வந்து, புதுச்செடி வெச்சு நான்தான் கட்டினேன். தண்ணி தள்ளிட்டு வந்து பொழைக்க வெச்சுதுன்னு குதிச்சாரு. அப்புறம் மேட்டுலயே நட்டாரு. கடைசிவரைக்கும் அவருக்குத் தெரியாது."

மகள் கூண்டின் மூடியைப் பிடித்துக்கொண்டாள்.

"தெரியும்மா. பின்னலைப் பார்த்த அன்னிக்கே தெரியுமாம். வருஷா வருஷம் எல்லாக் கயித்தையும் மாத்துவாரு, அதை மட்டும் தொட விடமாட்டாரு. உங்கிட்ட சொல்லாதேன்னாரு. சொன்னா நீ கரைக்கு வர்றதை விட்டுடுவியாம்."

அம்மாவின் விரல்கள் நின்றன. பிறகு முடிச்சை இறுக்கினாள். மகளின் கையைப் பிடித்துக் கரையேறி, மேலே பார்த்துத் தலையசைத்தாள்.

மதகுக்காரர் ஒற்றைக் கையால் சுழற்றினார். சக்கரம் சத்தமே இல்லாமல் சுற்றியது.