விட்ட இடத்திலிருந்து

துணியில் டிசைன் அச்சடிக்கும் பட்டறை எங்களுடையது. வரைவது என் தங்கை, விற்பது நான், எங்கள் இருவருக்கும் யோசனை சொல்வது அவள் வீட்டுக்காரர்.

அன்று மதியம் மொத்த வியாபாரம் செய்யும் ஓர் அம்மா டிசைன் பார்க்க வருகிறார். பிடித்துப்போனால் அடுத்த சீசன் முழுக்க எங்கள் துணிதான். காலையில் பார்த்தால், தங்கை வரைந்த அத்தனையும் இருந்த டிஸ்க், பல்வலிக்காரன் மாதிரி முனகுகிறது. அது கண்ணை மூடுவதற்குள் எல்லாவற்றையும் கணினிக்கு மாற்றியாக வேண்டும்.

"தள்ளுங்க மச்சான், நான் பாத்துக்கறேன்" என்று மாப்பிள்ளை மவுஸைப் பிடித்தார். ஃபோல்டரை இழுத்தார், போட்டார். பச்சைக் கோடு ஒய்யாரமாக நகர்ந்தது. பாதியில் டிஸ்க் சூடேறி அணைந்துவிட்டது. ஆறவைத்து மறுபடி இழுத்தார். ஏற்கெனவே இருப்பதை மாற்றட்டுமா என்று கேட்டது கணினி.

"மாத்து, மாத்து. அரைகுறையா வந்தது எதுன்னு யாருக்குத் தெரியும்?" என்று அவரே தட்டினார்.

அது முதல் படத்திலிருந்து தொடங்கி, அதே இடத்துக்கு வந்து, அதே சூட்டில் படுத்தது.

"வாங்கின சரக்கையே திரும்பத் திரும்ப வாங்கறீங்களே மாப்பிள்ளை, இது என்ன வியாபாரம்?" என்றேன்.

"எந்திரிங்க" என்றாள் தங்கை கணவரிடம். கட்டளை தட்டும் கறுப்புத் திரையைத் திறந்து ஒரே ஒரு வரி தட்டினாள்.

"கோடும் ஓடல, ஒண்ணும் ஓடல. காப்பி ஆகுதா, தூங்குதா?" என்றார் மாப்பிள்ளை.

"முழுசா வந்ததைத் தொடாது. மிச்சத்தை மட்டும் எடுக்கும். நடுவுல நின்னா அதே வரியை இன்னொரு தடவ தட்டணும், அவ்வளவுதான்."

டிஸ்க் அணைந்தது. ஆறவைத்துத் தட்டினாள். விட்ட இடத்திலிருந்து ஓடியது. மறுபடி அணைந்தது, மறுபடி தட்டினாள். முகத்தில் பதற்றம் மருந்துக்கும் இல்லை. நான்தான் வாசலுக்கும் திரைக்கும் நடந்துகொண்டிருந்தேன்.

கொஞ்சம் பாக்கி இருக்கும்போதே அந்த அம்மா வந்து நின்றுவிட்டார். இனி என் முறை. துணியைக் கையில் திணித்தேன்.

"படம் எங்க தம்பி?"

"படம் எங்கம்மா ஓடிடப் போகுது? மொதல்ல துணியைக் கசக்கிப் பாருங்க. நல்லாக் கசக்குங்க, உங்க கை பட்டாத்தான் அதுக்கே மரியாதை."

"நீ பேச்சை விக்கிறியா, துணியை விக்கிறியா?"

"பேச்சு இனாம்மா!"

"அண்ணா, போதும். வந்திருச்சு" என்று தங்கை நாற்காலியை விட்டு எழுந்தாள். மாப்பிள்ளை பாய்ந்து உட்கார்ந்து, படங்களைத் திரை கொள்ளாமல் விரித்தார். மவுஸால் கடை பரப்புவதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை, அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

அந்த அம்மா ஒன்றைத் தொட்டார். இன்னொன்றைத் தொட்டார். அப்புறம் விலை கேட்கவே மறந்து, "இதெல்லாம் யாரு வரைஞ்சது?" என்றார்.

"என் வீட்டுக்காரி!"

"என் தங்கச்சி!"

மாப்பிள்ளையும் நானும் ஒரே நேரத்தில் கத்தினோம். அவள் எங்கள் இருவரையும் ஒரு பார்வை பார்த்தாள்.

"நான்" என்றாள்.

அந்த அம்மா எங்களுக்கு முதுகைக் காட்டி, அவள் பக்கமாக நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.