கொழுப்பு நீக்காத பாட்டில்

1.

இந்தக் கதை எனக்குச் சாப்பாட்டு மேஜையில் கிடைத்தது. செல் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கும் என் அண்ணி தட்டைத் தொடாமலே, "அந்த ரிசல்ட் மேல எனக்குச் சந்தேகமா இருக்கு" என்றார். வீட்டில் சந்தேகப் பிராணி என்று பெயரெடுத்தவன் நான். என் பட்டத்துக்கே போட்டியா என்று காதைத் தீட்டிக்கொண்டேன்.

2.

முதல் தொடக்கம்: 'வளர்ச்சிக் கட்டளை வந்தடைந்ததும் உயிரணுவானது...' (வேண்டாம். பாடப்புத்தக வாடை.)

இரண்டாவது: வளரச் சொல்லி உத்தரவு வந்தால், செல் தன் மேல்சவ்வுக்கு வேண்டிய கொலஸ்ட்ராலைத் தானே தயாரிக்கும். வெளியில் தாராளமாகக் கிடைத்தால் தயாரிப்பை நிறுத்திவிடும். அண்ணியின் கூடத்துப் புது மருந்து அந்த உத்தரவையே தடுக்கிறதாம். மருந்து கொடுத்த கட்டிச் செல்களில் தயாரிப்பு நின்றது. இனி கட்டி வளராது என்று எல்லோரும் தலைகால் புரியாமல் ஆடினார்கள். அடுத்து நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்க்கப் போகிறார்கள். என் அண்ணன் பெயரும் கொடுத்தாகிவிட்டது.

(அடிக்குறிப்பு மாதிரி: அண்ணனுக்குக் கல்லீரலில் கட்டி. இந்த வரியை அடித்து அடித்துத் திரும்ப எழுதியிருக்கிறேன்.)

3.

பாட்டில் மாறியிருக்குமோ என்பதுதான் அண்ணியின் சந்தேகமாம். கதைக்கு வில்லன் வேண்டுமே. அண்ணியோடு வேலை பார்க்கும் வழுக்கைத்தலையரைப் பிடித்தேன். அவர் வேண்டுமென்றே, மருந்து கொடுத்த செல் தட்டுகளில், கொழுப்பு நீக்கிய ஊட்டத் திரவத்துக்குப் பதிலாக நீக்காததை ஊற்றி...

எழுதியதைப் படித்துவிட்டு அண்ணி இல்லையென்று தலையை ஆட்டினார். "அவர் அன்னிக்கு லீவு. ஊத்தினது நான்தான். இப்பப் பார்த்தா, நீக்காத பாட்டில் பாதி காலியா இருக்கு. இந்த வேலைக்கு அதைத் தொடவே கூடாது."

"அப்ப செல்லு அந்தப் பாட்டில்ல கிடைச்ச கொலஸ்ட்ராலை வாங்கிக்கிட்டுச் சும்மா இருந்திருக்குமா? மருந்துக்கு அதுல பங்கே இல்லையா அண்ணி?"

"இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ரிசல்ட் மோசமா வந்திருந்தா அன்னிக்கே பாட்டிலைப் பார்த்திருப்பேன். நல்லா வந்துச்சு, பார்க்கல."

எனக்கு அவர்மேல் கோபமாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது.

4.

தலைமை விஞ்ஞானியிடம் சொல்லிவிட்டு, அண்ணி சோதனையைத் திரும்பச் செய்திருக்கிறார். நாளைக்குத் தெரியும். அண்ணனிடம் யாரும் சொல்லவில்லை.

முடிவு அ: தயாரிப்பை நிறுத்தியது மருந்துதான். [இதை எழுதும்போது கை ரொம்ப வேகமாக ஓடியது. அதனாலேயே நான் நம்பவில்லை.]

முடிவு ஆ: மருந்தில் ஒன்றுமில்லை. அண்ணன்...

அண்ணன் என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார். முதல் வரியிலிருந்து படித்தார். மறைக்க எனக்குக் கை வரவில்லை.

"முடிவு எங்கடா?"

"இன்னும் எழுதலண்ணா."

எதிரே உட்கார்ந்திருந்த அண்ணியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என்னிடம், "நல்லதா எழுது" என்றார்.

என்னால் முடியாது. நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும், அவர் இன்னும் பின்னால் நின்று படித்துக்கொண்டிருக்கிறார்.