மிச்சம் நூற்றுப் பதினேழு

அன்னவாசலில் போர்வெல் மோட்டாருக்குக் கண்ட்ரோல் போர்டு செய்யும் அந்தச் சின்னக் கம்பெனியில், ஷர்லி கம்ப்யூட்டர் முன்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். எண் வந்தது: தொள்ளாயிரத்து ஏழு.

"வனிதா, இங்கிட்டு வா! கொள்ளுது!"

சால்டரிங்கை விட்டுவிட்டு ஓடி வந்தாள் வனிதா. "நெசமாவாக்கா?"

போர்டில் இருந்தது மலிவான சிப். ஆயிரத்து இருபத்துநாலு பைட்டுக்கு மேல் புரோகிராம் ஏறாது. எழுதுவதைச் சிப்புக்குப் புரியும்படி மாற்றித் தரும் கம்பைலரோ, இந்தக் குட்டிச் சிப்பை மதிக்காமல் எதையும் ஊதிப் பெருக்கித்தான் கொடுக்கும். அதனால் பதினோரு வருஷமாக ஷர்லியே கையால் எழுதி, ஒண்டுக் குடித்தனத்தில் கல்யாணச் சீரை அடுக்குவதுபோல் அடக்கி வந்தாள். என்ன காலம் அது! ஒரு பைட் மிச்சம் பிடித்தாலும் வனிதா கடலைமிட்டாய் வாங்கி வந்துவிடுவாள். 'தண்ணீர் இல்லை' என்று போர்டின் திரையில் எழுத்தாகக் காட்டச் சிப்பில் இடமில்லாமல் சிவப்பு லைட்டை மூன்று முறை சிமிட்ட வைத்தார்கள். ஆவூர்ப் பக்கத்து விவசாயச் சம்சாரிகள் இன்றைக்கும், "மூணு தடவ கண்ணடிச்சிருச்சும்மா" என்றுதான் போன் செய்வார்கள். கேட்கிறபோதெல்லாம் ஷர்லிக்கு மனசு நிறைந்துவிடும்.

கம்பைலரை இலவசமாகப் பராமரிக்கும் வெளிநாட்டுக்காரர்களுக்கு ஆறு மாதம் சாப்பாட்டு நேரத்தில் எழுதி எழுதி, அவர்கள் அனுப்பியதையெல்லாம் போர்டில் ஏற்றிப் பார்த்துச் சரிசெய்ய வைத்ததும் அவள்தான். இன்றைக்குத்தான் முதல்முறையாகக் கம்பைலர் சிப்புக்குள் அடங்கும்படி கொடுத்திருந்தது.

முதலாளி நிலவழகன் வந்து பார்த்தார். "அப்ப இனிமே கையால எழுத வேண்டியதில்ல?"

"இல்லைங்க சார். பட்டனை அமுக்குனாப் போதும்." பெருமை தாங்காமல் சொல்லிவிட்டாள்.

"நல்லதாப் போச்சு. பட்டனை ஆபீஸ் பொண்ணே அமுக்கிரும். நீ இந்த மாசத்தோட வேற எடம் பாத்துக்கம்மா."

ஷர்லிக்குத் தன் வாயாலேயே கெட்டோமே என்று ஆத்திரமாக வந்தது.

வாசல்வரை போனவர் திரும்பினார். "எடமில்ல எடமில்லன்னே சொல்லுவியே, இப்ப எவ்வளவு மிச்சம்?"

"நூத்திப் பதினேழு பைட்டு சார்."

"மோட்டார் போடுறப்பெல்லாம் போர்டுல எம் பேரு வரட்டும். அதை மட்டும் முடிச்சுக் குடுத்துட்டுப் போ."

சாயங்காலத்துக்குள் முடித்துவிட்டாள். சுவிட்சைப் போட்டதும் போர்டின் சின்னத் திரையில் நிலவழகன் பெயர், இனிஷியலோடும் பட்டத்தோடும் ஓடியது. பழக்க தோஷத்தில் மிச்சத்தைப் பார்த்தாள். தொண்ணூறு. இங்கிலீஷில் எழுதினால் அவள் பெயருக்கு ஆறு போதும். எழுதாமலே சேமித்து மூடிவிட்டு, புரோகிராம் ஏற்ற வனிதாவிடமிருந்து அடுத்த போர்டை வாங்கினாள்.