ஆடிக் கடைசியில் நட்ட கேந்தி

என் கொழுந்தன் வன்னியபெருமாளை ஊரில் எல்லோரும் நல்லவன் என்றுதான் சொல்வார்கள். அந்த நல்ல பெயரை அவன் என் வயிற்றில் அடித்துத்தான் வாங்கினான்.

மாப்பிள்ளையூரணியில் எங்களுக்கு இருந்தது ஒரு கிணறும் அதையொட்டிய சிறு தோட்டமும். பிரித்தால் யாருக்கும் உதவாது என்று அண்ணனும் தம்பியும் முறை வைத்துப் பயிர் செய்தார்கள். ஆவணி முதல் தை வரை மழைமுறை ஒருவருக்கு, மாசி முதல் ஆடி வரை கோடைமுறை மற்றவருக்கு. அடுத்த வருஷம் மாறிக்கொள்வார்கள்.

மழைமுறை வந்தால் என் வீட்டுக்காரர் கேந்திப் பூதான் போடுவார். ஒரு தடவை வேலைக்காகக் கொடைக்கானல் போய் வந்தவர், "அங்கன மார்கழியில உறைபனி விழுந்து பூச்செடி கருகிருமாம். குளிர் போனபொறவுதான் நடுதாவ. நமக்கு அப்படியே மாத்தி. இங்கன மழையும் குளிரும்தான் பூவுக்குக் காலம், வெயில்தான் எமன்" என்று சொல்லிச் சிரிப்பார். யுத்தம் நடந்துகொண்டிருந்த ஓர் ஐப்பசியில், துறைமுகத்தில் சுமை தூக்கப் போன இடத்தில் பஞ்சுப் பொதி சரிந்து விழுந்து செத்துப்போனார்.

கருமாதி முடிந்ததும் வன்னியபெருமாள் ஊர்ப் பெரியவர்களைக் கூட்டினான்.

"மைனி ஒத்தப் பொம்பள. மழைக்காலத்துல சேத்துல கெடந்து சாவணுமா? இனிமே மாத்த வேண்டாம். கோடைமுறை என்னைக்கும் அவியளுக்கே இருக்கட்டும். மழைமுறைய நான் பாத்துக்கிடுதேன்."

எல்லோருக்கும் கண் கலங்கிவிட்டது. "கோடையில கெணறு உப்பாயிருமே" என்று நான் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை.

சித்திரையில் கேந்தி நட்டேன். இலை நுனி கருகி, ஒரு மொட்டுக்கூட வைக்காமல் அத்தனையும் செத்தன. தோட்டம் கைகொடுக்காவிட்டால் நானும் மகளும் ஆழ்வார்திருநகரியில் என் அண்ணன் வீட்டுக்குப் போய், அண்ணி போடும் சோற்றுக்குக் காத்துக் கிடக்க வேண்டும். நினைத்தாலே உடம்பு கூசியது.

ஊரில் ஒரு வழக்கம் உண்டு. முறை மாறும்போது நிற்கிற வெள்ளாமை நட்டவருக்கே சொந்தம். அதை நம்பி வீட்டுக் கொல்லையில் நாற்று வளர்த்தேன். ஆடிக் கடைசியில், என் முறை முடிவதற்குள், தோட்டம் முழுக்கக் கேந்தி நட்டேன். ஊர்க் கிணற்றிலிருந்து நானும் மகளும் நல்ல தண்ணீர் சுமந்து ஊற்றினோம்.

ஆவணி பிறந்ததும் வன்னியபெருமாள் ஏரோடு வரவில்லை, பெரியவர்களோடு வந்தான். மளிகைக்கடை காசிலிங்கம் அண்ணாச்சி தோட்டத்தைச் சுற்றிப் பார்த்தார்.

"வெள்ளாமைன்னா கம்பு, சோளம். பூவெல்லாம் வெள்ளாமையாகுமா சீனித்தாயி?"

"என் கையால நட்டது அண்ணாச்சி."

"நட்டா சரி. நெலம் இப்ப அவன் முறையில்லா?"

வன்னியபெருமாள் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். "புடுங்கிப் போட மனசு வரலை அண்ணாச்சி. நிக்கட்டும். நானே பாத்துக்கிடுதேன்."

அவன் மனசை எல்லோரும் மெச்சினார்கள்.

ஐப்பசி மழைக்குச் செடிகள் இடுப்பளவு வளர்ந்து பூத்துக் குலுங்கின. திரேஸ்புரம் வரைக்கும் கூடை கூடையாகப் பூ போயிற்று. வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன்.

என் வீட்டுக்காரரின் முதல் திவசத்தன்று வன்னியபெருமாள் வந்தான். கையில் தடியாக ஒரு கேந்தி மாலை.

"அண்ணனுக்குப் போடுங்க மைனி."

"என்ன விலை?"

அவன் முகம் வாடிவிட்டது. "நம்ம தோட்டத்துப் பூவுக்கு விலை என்ன மைனி?"

வந்திருந்தவர்கள் உச்சுக் கொட்டினார்கள், அவனுக்காக. மாலையை வாங்காமல் உள்ளே போனேன். அன்று அவருக்குப் பூவில்லாமல்தான் படைத்தேன்.